மடிப்புக்குள் ஒளிந்த சேதி: எத்தனை பேருக்கு, எந்தச் சிற்றேடு?

கையால் மடித்துச் செய்யும் சிற்றேட்டுக்குள் ஒரு சேதியை ஒளித்துக் கொடுக்கலாம் என்று தோன்றியவுடன் எல்லோரும் முதலில் தாளைத் தேடுகிறார்கள், அல்லது எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறார்கள். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? உள்ளே ஏதோ இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியுமா, தற்செயலாகக் கண்டுபிடிக்க வேண்டுமா? திறந்த பின் பழையபடி மூடி வைக்க முடிய வேண்டுமா?

பதில்களைப் பொறுத்து வழி பிரிகிறது. பத்து, இருபது, முப்பது பிரதி என்றால் ஒரே தாளை எட்டுப் பக்கமாக மடிக்கும் ஏட்டை மிஞ்ச வேறொன்றில்லை. ஒரே ஒருவருக்கு, அவர் பல வருடம் வைத்திருப்பார் என்றால், மடித்த தாள்களைப் பைபோல விட்டு நூலால் தைக்கும் ஏடு. இடையில் யாரும் பிரிக்கவில்லை என்று பெறுபவருக்குத் தெரிய வேண்டுமானால் பூட்டுக் கடிதம். பிள்ளைகளுக்கு என்றால் புரட்டப் புரட்ட முகம் மாறும் அறுகோணம். மறையும் மை எதுவும் தனியாக நின்று தாங்காது. இந்த நான்கில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளத்தான் லாயக்கு.

ஆங்கிலத்தில் ஸீன் (zine) என்று சொல்லப்படும் இந்தக் கைச்சிற்றேடு நமக்கு அந்நியமில்லை. பள்ளிகளிலும் ஊர் வாசகசாலைகளிலும் கையெழுத்துப் பத்திரிகை என்று நடத்தியது இதன் உறவுதான். அது பெரும்பாலும் ஒரே பிரதியாகக் கைமாறிப் போகும். ஜெராக்ஸ் வந்த பிறகு ஒரு மூலத்தை வைத்து ஐம்பது பிரதி எடுக்க முடிகிறது. ஆகவே நகலெடுக்க முடிகிற ரகசியமா, முடியாததா என்பதே இங்கே முதல் சல்லடை.

ஒரே தாள், எட்டுப் பக்கம்

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. எட்டாக மடித்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 74 × 105 மி.மீ.; சட்டைப் பையில் அடங்கும். ஏ3 எடுத்தால் பக்கம் 105 × 148. தமிழில் எழுதுபவர்களுக்கு ஏ3 பரிந்துரைக்கத்தக்கது. நம் சொற்கள் நீளம், 74 மி.மீ. அகலத்தில் ஓரம் விட்டது போக ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும்.

மடிக்கும் முறை இது. தாளைப் படுக்கையாக வைத்து, நீள ஓரங்கள் இரண்டும் சேரும்படி மடித்துப் பிரியுங்கள். அடுத்து குறுகிய ஓரங்கள் சேரும்படி பாதியாக மடித்து, அதே திசையில் இன்னொரு முறை பாதியாக்குங்கள். விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். மறுபடி குறுகிய ஓரங்கள் சேர ஒரே ஒரு முறை மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த குறுக்குக்கோடு வரை வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு வாய் திறந்திருக்கும். அச்சு வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வாய் பிளந்து கூட்டல் குறிபோல நாலு இதழ் நிற்கும். முன்னட்டை மேலே வரும்படி இதழ்களைச் சுற்றிப் படிய வைத்தால் ஏடு தயார்.

ரகசியத்துக்கான இடம் தாளின் பின்பக்கம். ஏட்டைப் புரட்டும்போது அது கண்ணில் படவே படாது. முழுதாக விரித்தால் ஒரே பெரிய பரப்பாக வந்து நிற்கும். படம், வரைபடம், நீண்ட கடிதம் எதுவும் வைக்கலாம். வைத்த பிறகும் தாளைப் பழையபடி மடித்துவிடலாம், தடயம் இராது.

பக்கங்களை அடுக்க இரண்டு வழி உண்டு. பெரும்பாலானோர் கண்ணில் படுகிற மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ரகசியம் வைப்பவர் அப்படி எடுக்கக் கூடாது. முதல் வழியில் கீழ்வரிசை இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல்வரிசை தலைகீழாக 7, 6, 5, 4. இரண்டாவதில் கீழ்வரிசை 6, 7, 8, 1. மேலே தலைகீழாக 5, 4, 3, 2. இரண்டும் சரியாகவே படிக்கும். ஆனால் மடித்த பின் ஒவ்வோர் இதழும் இரட்டைத் தாள் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது வழியில் முன்னட்டை இதழுக்கு மேலே மட்டும்தான் மடிப்பு. புரட்டும் ஓரம் திறந்து கிடக்கும். ஏட்டைக் கையில் எடுத்ததுமே கட்டைவிரல் இரண்டு தாளுக்கும் நடுவில் நுழைந்துவிடும், ரகசியம் முதல் நொடியிலேயே வெளியாகும். முதல் வழியில் முன்னட்டை இதழின் புரட்டும் ஓரம் மடிப்பாக வருகிறது. மேலும் கீழும் மட்டும் திறந்த ஒரு குழாய் அது. விரல் நுழையாது. 3–4 இதழுக்கு வரும்போதுதான் ஓரம் திறந்திருப்பது தட்டுப்படும். வாசித்துக்கொண்டே வந்தவர் பாதி வழியில் ‘இதற்குள் ஏதோ இருக்கிறதே’ என்று நிற்பார். தற்செயலாகக் கிடைக்க வேண்டிய சேதிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அந்த 3–4 இதழுக்குள் எட்டிப்பார்த்தால் நேராகப் படிக்கக் கிடைப்பது பின்பக்கத்தின் கீழ் இடது கட்டம். ஆளை இழுக்கும் வரியை அங்கே வையுங்கள்: பாதியில் அறுபடும் ஒரு வாக்கியம், அல்லது படத்தில் ஒரு கை மட்டும். மீதியைப் பார்க்க விரித்தே ஆக வேண்டும் என்று அவருக்கே தோன்றும்.

கெடுவது எங்கே? முதலாவது, நிழலடிப்பது. 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் எண், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாளில் பின்பக்கம் கட்டை எழுத்தோ கறுப்புப் பரப்போ இருந்தால் முன்பக்கத்தில் சாம்பலாகத் தெரியும். 100 ஜி.எஸ்.எம். போதும். 120-க்கு மேல் போனால் இதழ்கள் விறைத்துக்கொண்டு ஏடு மூடாது. 80 மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ரகசியப் பக்கத்தைக் கோட்டோவியமாக, மெல்லிய எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டோனர் உதிர்வது. ஜெராக்ஸ் பொடி தாளின் மேல் உருகி ஒட்டிய படலம்தான், மடிப்புக்கோட்டில் வெடித்து உதிரும். எழுத்து மடிப்பிலிருந்து 6, 7 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். இரு பக்க நகலில் ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது சாதாரணம், அதையும் இந்த இடைவெளி விழுங்கிவிடும். கடையில் சொல்ல வேண்டியது இரண்டே: நூற்றுக்கு நூறு அளவில் எடுக்க வேண்டும், குறுகிய ஓரத்தில் புரட்ட வேண்டும். நீள ஓரத்தில் புரட்டினால் பின்பக்கம் முழுவதும் தலைகீழாக வந்து, நீங்கள் கீழ் இடது கட்டத்தில் வைத்த வரி வேறெங்கோ போயிருக்கும்.

மூன்றாவது, ஏடு மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருப்பது. மடித்தவரின் கை குற்றம் என்று நினைப்பார்கள். காரணம் தாளின் நார் ஓட்டம், அச்சகத்தார் கிரெய்ன் என்பது. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். நம் ஏட்டின் முதுகு மடிப்போ குறுக்குவாக்கில் விழுகிறது. நாரை மறித்து மடிப்பதால் அது திமிறுகிறது. தாளை இரண்டு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் மடிப்பு நாருக்கு இணையானது. நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டினால் குறுக்கு நார் ஓடும் ஏ4 கிடைக்கும். முதுகு அமைதியாக உட்காரும். அதற்கு வழியில்லாதபோது எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேய்த்து, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

வெட்டும்போது குறுக்குக்கோட்டுக்கு 1 மி.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள். தாண்டி வெட்டினால் இதழ் அந்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும். கை பழகிய பின் ஒரு பிரதிக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இருபது பிரதி ஒரு மணி நேர வேலை.

பைத் தைப்பு ஏடு

ஜப்பானில் ஃபுகுரோ தோஜி என்பார்கள், பைத் தைப்பு என்று பொருள். சீன, ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் புத்தகங்கள் நெடுங்காலம் இப்படித்தான் கட்டப்பட்டன. மெல்லிய தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, அச்சு வெளியே தெரியப் பாதியாக மடித்து, மடிப்பு புரட்டும் ஓரத்திலும் திறந்த வாய் முதுகிலுமாக அடுக்கித் தைத்துவிடுவார்கள். அச்சில்லாத உட்பக்கம் ஒரு பைக்குள் அடைபட்டுவிடும். நமக்கு வேண்டியது அந்தப் பை.

பன்னிரண்டு ஏ4 தாளை இப்படி மடித்தால் வெளியே 24 பக்கம், உள்ளே யார் கண்ணிலும் படாத இன்னொரு 24 பக்கம். தாள் 60 அல்லது 70 ஜி.எஸ்.எம். இருக்கட்டும், 80-க்கு மேல் ஏடு பலகையாகிவிடும். மேலும் கீழும் 200 ஜி.எஸ்.எம். அட்டை. முதுகிலிருந்து 10 மி.மீ. உள்ளே ஒரு கோடு இழுத்து, 210 மி.மீ. உயரத்தில் 15, 75, 135, 195 ஆகிய இடங்களில் நாலு துளை. இரண்டு கிளிப் போட்டு இறுக்கி, பழைய மரப்பலகை மேல் வைத்துக் குத்தூசியால் செங்குத்தாகக் குத்துங்கள். ஊசி சாய்ந்தால் பின்னட்டையில் துளைகள் கோணல்மாணலாக வெளிவரும். நூல் முதுகு உயரத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது சுமார் ஒரு மீட்டர். தடித்த தையல் நூலை இரட்டையாக்கி மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொண்டால் போதும். பூக்கட்டும் நூல் வேண்டாம், முறுக்கு தளர்ந்து துளையில் அறுந்துபோகும். ஒவ்வொரு துளையிலும் நூல் முதுகை ஒருமுறை சுற்றி வர வேண்டும். முதல், கடைசித் துளைகளில் தலையையும் காலையும் கூடச் சுற்ற வேண்டும். போகும்போது விட்ட இடைவெளிகளைத் திரும்பி வரும்போது நிரப்பி, தொடங்கிய துளையிலேயே முடிச்சிட்டு முடிச்சை உள்ளே இழுத்துவிடுங்கள்.

இந்தத் தைப்பு மலர்ந்து விரியாது. முதுகுப் பக்கம் 25 மி.மீ. காலியாக விடாவிட்டால் வரிகளின் தொடக்கம் தையலுக்குள் போய்விடும். உள்ளே ஒளிக்கும் பக்கத்துக்கும் இதே கணக்குதான்.

பையின் மேல்வாயும் கீழ்வாயும் திறந்திருப்பதால் ஓரத்தை லேசாக அழுத்தினால் உள்ளே எட்டிப்பார்க்கலாம். சும்மா பார்ப்பவருக்குக் கிடைக்கக் கூடாது என்றால் சேதியை மேலிருந்தும் கீழிருந்தும் 50 மி.மீ. தள்ளி நடுவில் வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 60 ஜி.எஸ்.எம். தாள் காட்டிக்கொடுத்துவிடும், அந்தப் பையில் மட்டும் ஒரு கறுப்புத் தாளைச் சொருகினால் தீர்ந்தது. ஆனால் ஒரே பையில் மட்டும் சொருகினால் தொட்டுப் பார்ப்பவருக்குத் தடிப்பு தெரியும், அதனால் இன்னும் மூன்று நான்கு பைகளிலும் வெற்றாகச் சொருகுங்கள்.

பெறுபவர் அதைத் திறக்க மடிப்பைக் கிழிக்க வேண்டும். கத்தி கையில் எடுக்கத் தயங்குபவர்களே அதிகம், அழகாகத் தைத்த ஏட்டை யாருக்கும் வெட்ட மனம் வராது. அதற்கு ஓர் உபாயம்: மடிப்பதற்கு முன் தையல் மெஷினில் நூல் கோக்காமல், 3 மி.மீ. தையல் அளவில், மடிப்புக்கோட்டின் மேலேயே ஓட்டிவிடுங்கள். தபால்தலை ஓரம்போலப் புள்ளிகள் விழும். பார்க்கத் தெரியாது, விரல் நகத்தால் இழுத்தால் சுத்தமாகப் பிரியும். தாள் ஊசியை மழுக்கிவிடும், ஆகவே தூக்கிப்போட வேண்டிய பழைய ஊசியை மாட்டுங்கள்.

எட்டுப் பக்க ஏட்டோடு ஒப்பிட்டால் இது ஒரு மாலை முழுவதையும் கேட்கும், திறந்த பை மறுபடி மூடாது. அதற்குப் பதிலாக ஒன்று தரும்: பெறுபவர் விரும்பும் வேகத்தில், ஒரு வருடத்தில் ஒரு பை என்றுகூட, திறந்துகொண்டே போகலாம். எட்டுப் பக்க ஏடு ஒரே விரிப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

எழுத்துக்குள் ஒளிப்பது

மடிப்பே இல்லாமல் எழுத்துக்குள் ஒளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தமிழில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. சித்திரக்கவி வகைகளில் கரந்துறைச் செய்யுள் என்றே ஒன்று உண்டு, ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்குள் இன்னொரு செய்யுள் உறைந்திருக்கும். ஆனால் பலரும் கையிலெடுப்பது வரிகளின் முதலெழுத்தைச் சேர்த்தால் சேதி வரும் எளிய முறையை. ஆங்கிலத்தில் அது சுலபம், தமிழில் இடறும். ‘மன்னித்துவிடு’ என்று ஒளிக்கப் பாருங்கள். ம, ன், னி, த், து, வி, டு என்று ஏழு எழுத்து. ம, து, வி மூன்றும் சரி. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, னி-யிலும் டு-விலும் தொடங்காது. ஏழில் நாலு வரி எழுதவே முடியாது. ஆகவே முதலெழுத்தை விட்டு முதற்சொல்லுக்குப் போங்கள்: ஒவ்வொரு பக்கத்தின் முதற்சொல்லையும் சேர்த்தால் ஒரு வாக்கியம். எட்டுப் பக்கத்துக்கு எட்டுச் சொல், போதுமான நீளம்.

இதைவிடக் கைக்கு இன்பம் தருவது சாளர அட்டை. இத்தாலியரான கார்டானோ 1550-இல் விவரித்தது. பக்க அளவில் ஓர் அட்டையை வெட்டி, அதில் ஆறேழு சாளரங்கள் திறந்து, பக்கத்தின் மேல் வைத்தால் சேதியின் சொற்கள் மட்டும் தெரியும். 8 மி.மீ. வரி இடைவெளியில் 6 மி.மீ. உயரச் சாளரம் பொருந்தும். அகலத்தை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ‘நீ’ ஒதுங்கும் இடத்தில் ‘ஞாபகம்’ நுழையாது. முதலில் சேதியை எழுதி அளந்து, அதற்கேற்பச் சாளரம் வெட்டி, அட்டையை வைத்துச் சொற்களை எழுதி, பிறகு அட்டையை எடுத்துவிட்டு மீதி இடத்தை இயல்பான உரையால் நிரப்புங்கள். இந்த நிரப்புதல்தான் கடினம். அவசரத்தில் நிரப்பினால் உரை நொண்டும், படிப்பவர் உடனே சந்தேகப்படுவார். சாளரச் சொற்களில் ‘கிணறு’, ‘வியாழன்’ போன்று கனமானவை இரண்டுக்கு மேல் வேண்டாம். மற்றவை ‘வா’, ‘நாளை’, ‘அங்கே’ போன்று எந்த உரையிலும் கரைபவையாக இருக்கட்டும். அட்டையை நாலு விதமாக வைக்க முடியும் என்பதால் ஒரு மூலையைச் சாய்வாக நறுக்கிவிடுங்கள்.

இருபது பிரதிக்கு இருபது அட்டை வெட்டத் தேவையில்லை. ஒரே ஓர் அட்டையை ஒருவரிடம் கொடுத்து, மற்றவர்கள் அவரைத் தேடிப் போய்ப் படிக்கும்படி செய்யலாம். பிரிவுபசார விழாக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. நகலில் 97 சதவீதம் என்று சிறிதாக்கிவிட்டால் மட்டும் ஒரு சொல்லும் சாளரத்தில் உட்காராது.

பூட்டுக் கடிதம்

பழந்தமிழில் ஓலைக் கடிதத்துக்கு முடங்கல் என்று பெயர். முடங்கு என்றால் மடங்கு. உறை என்ற தனிப்பொருள் பரவலாகும் முன் ஐரோப்பாவிலும் கடிதமே தன்னை மூடிக்கொண்டது. ஸ்காட்லாந்து அரசி மேரி, தலை வெட்டப்படுவதற்குச் சில மணி நேரம் முன், 1587 பிப்ரவரி 8 அதிகாலையில் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தைத் தாளின் ஓரத்திலிருந்து வெட்டிய கீற்றாலேயே சுற்றிப் பூட்டியிருந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகங்களில் பழைய ஆவணங்களைப் பேணும் வல்லுநர் ஜானா டாம்ப்ரோஜியோ இந்தக் கலைக்கு லெட்டர்லாக்கிங் என்று பெயரிட்டார். 1697-இல் எழுதி, கடைசிவரை பிரிக்கப்படாத ஒரு கடிதத்தை எக்ஸ்-கதிர் வருடலால் திறக்காமலே படித்த ஆய்வை அவரும் சகாக்களும் 2021-இல் வெளியிட்டார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் தாங்கிய பூட்டு.

வீட்டில் செய்ய எளிய வடிவம் ஒன்று. ஏ4 தாளின் நீள ஓரத்திலிருந்து 8 மி.மீ. அகலக் கீற்று ஒன்றை முழு நீளத்துக்கும் வெட்டுங்கள். நார் நீளவாக்கில் ஓடுவதால் இழுத்தால் தாங்கும். குறுக்கே வெட்டிய கீற்று பட்டென்று அறும். ஒரு முனையைக் கூராக்குங்கள். எழுதிய தாளைக் கீழிருந்து மேலாக 50 மி.மீ. அகலத்தில் ஆறு சுற்றாக மடித்து, நடுவில் ஒருமுறை பாதியாக்கினால் ஏறக்குறைய 100 × 50 மி.மீ. பொட்டலம் கிடைக்கும். பன்னிரண்டு அடுக்கு. தாளின் இரு ஓரங்களும் சேரும் முனையிலிருந்து 15 மி.மீ. உள்ளே, எல்லா அடுக்கையும் துளைக்கும்படி 9 மி.மீ. பிளவு. கத்தரிக்கோலால் ஆகாது, புது பிளேடு போட்ட கட்டரை நேராக ஊன்றி அழுத்த வேண்டும். கீற்றின் அகன்ற முனையைப் பொட்டலத்தில் பசையால் ஒட்டி, கூர்முனையைப் பிளவில் நுழைத்து, ஓரத்தைச் சுற்றி மறுபடி நுழைத்து இழுத்து ஒட்டுங்கள். மைதா பசை போதும். மிஞ்சிய கீற்றை நறுக்கிவிடலாம்.

பிளவு எந்த வரியின் நெஞ்சில் விழும் என்பதை வெற்றுத் தாளை மடித்துத் துளைத்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எழுதியவர்களுடைய கடிதத்தில் பெரும்பாலும் பெயர்தான் ஓட்டையாகும். கீற்றை அறுக்காமல் இதைத் திறக்க வழியில்லை, அறுத்தால் தெரிந்துவிடும்: பூட்டின் பயன் அதுதான். ஒளிப்பதில் இது வல்லமை குறைந்தது, ஏனென்றால் உள்ளே சேதி இருக்கிறது என்பதை ஊருக்கே அறிவிக்கிறது. இன்லேண்ட் லெட்டர் பழகிய தலைமுறைக்கு இது புரியும். நாலு வார்த்தை கூடுதலாக ஒட்டும் மடிப்பின் உட்புறத்தில் நுணுக்கி எழுதி, கிழிக்கும்போது அது போய்விடுமோ என்று கவலைப்பட்டவர்கள் அவர்கள்.

புரட்டினால் முகம் மாறும் அறுகோணம்

1939-இல் பிரின்ஸ்டனில் படித்த ஆர்தர் ஸ்டோன் என்ற ஆங்கிலேயர், அமெரிக்கத் தாள் தன் கோப்பில் அடங்காததால் ஓரத்தை நறுக்கி, மிஞ்சிய கீற்றுகளை விளையாட்டாக மடித்தபோது கண்டது ஹெக்ஸாஃப்ளெக்ஸகன். மூன்று முகம், எந்நேரமும் இரண்டுதான் தெரியும்.

50 மி.மீ. பக்கமுள்ள பத்து சமபக்க முக்கோணங்கள் வரிசையாக நின்றால் கீற்றின் நீளம் 275 மி.மீ., அகலம் 43. ஓர் ஏ4 தாளில் நாலு கீற்று. கோடுகளை எல்லாம் இருபுறமும் மடித்துப் பழக்குங்கள். 3-க்கும் 4-க்கும் இடையே மடித்து, பிறகு 6-க்கும் 7-க்கும் இடையே மடித்து அறுகோணமாக்கி, 9 முதலாவதின் மேல் வரும்படி செய்து, 10-ஐ 1-இன் மறுபுறம் மடித்து ஒட்டுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: ஆறு முக்கோணத்தில் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைத் தாளாக இருக்க வேண்டும். இரண்டு ஒற்றை அடுத்தடுத்து வந்தால் தவறு. அடுத்தடுத்த இரு முக்கோணங்களைக் கிள்ளி, எதிர் மூலையை உள்ளே தள்ளினால் நடு மலர்ந்து மூன்றாவது முகம் வரும். மலர மறுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம், அடுத்த ஜோடியைக் கிள்ளுங்கள்.

எழுதுவது ஒட்டிய பிறகே. முகம் மேலே இருக்கும்போது நடுவில் சந்தித்த மூலைகள், அது பின்பக்கம் போனதும் விலகி ஓரத்துக்குப் போய்விடும். நடுவில் எழுதிய பெயர் சிதறிக் கிடக்கும். இதைத் தெரிந்தே பயன்படுத்தலாம், ஒரு நிலையில் மட்டும் கூடும் பெயர். ஆனால் இடம் சிறிது, ஐந்தாறு எழுத்துக்கு மேல் தாங்காது. ஐம்பது அறுபது முறை புரட்டியதும் 80 ஜி.எஸ்.எம். தாள் மூலைகளில் நைந்துவிடும்.

விசிறிமடிப்பு ஏட்டில் இடமிருந்து பார்த்தால் ஒன்று, வலமிருந்து பார்த்தால் வேறொன்று என்று செய்வதும் உண்டு. படத்துக்கு நன்று. தமிழ் எழுத்து 20 மி.மீ. பட்டைகளாக அறுபட்டால் சுழிகள் குழம்பிப்போகும். கொக்கு மடித்து உள்ளே எழுதுவது அழகான எண்ணம்தான், பிரித்தவருக்குத் திரும்ப மடிக்கத் தெரியாவிட்டால் கசங்கிய சதுரம்தான் கையில் மிஞ்சும்.

மையைப் பற்றி

எலுமிச்சைச் சாறு சூட்டில் பழுப்பாகும். ஆனால் ஈரம் தாளின் மேல்தோலைச் சுருக்கிவிடுவதால் சாய்த்துப் பார்த்தாலே எழுத்து தெரியும். நீராவி இல்லாத அயர்ன் பெட்டி கொஞ்சம் அதிகம் நின்றால் தாளே கருகும். நம் அடுக்களையில் இதைவிட நல்லது இருக்கிறது. ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் காதுப் பஞ்சுக்குச்சியால் எழுதி நன்றாகக் காயவிடுங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளை 50 மி.லி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டுத் தூரிகையால் பூசினால், மஞ்சள் பரப்பில் எழுத்து செம்பழுப்பாக எழும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சிவக்கும் அதே வேதியியல். ஸ்பிரிட் எரியும் பொருள், அடுப்புக்கு அருகில் வேண்டாம். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் வெளிப்பட்ட சேதியும் நிலைக்காது. நகலெடுக்க முடியாதது என்பது இரண்டுக்கும் பொதுவான குறை.

சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனா 60 டிகிரி செல்சியஸில் நிறமிழக்கும், உறைகுளிரில் திரும்ப வரும். அதில் எழுதிய ஏட்டை லேமினேட் செய்தாலோ லேசர் பிரிண்டரில் விட்டாலோ எல்லாம் போய்விடும். நகல் எடுத்துத் தர ஏற்றது சிவப்புக் கண்ணாடித்தாள் முறை ஒன்றுதான்: வெளிர்நீலத்தில் சேதி, அதன் மேல் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த கிறுக்கல், கலர் ஜெராக்ஸ். சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே வைத்தால் கிறுக்கல் கரைந்து நீலம் கறுப்பாகத் தெரியும். 3–4 இதழின் பைக்குள் அந்தத் துண்டைச் சொருகிக் கொடுத்தால் இரண்டு ரகசியமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

எதைத் தேர்ந்தாலும் இருபது பிரதி போடும் முன் ஒரு பிரதியை, விஷயம் தெரியாத ஒருவர் கையில் ஒன்றும் சொல்லாமல் கொடுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், விரல்களைப் பாருங்கள். எந்த ஓரத்தில் தயங்குகிறது, எங்கே நகம் நுழைகிறது என்று தெரியும். இரண்டு முறை புரட்டி முடித்தும் விரல் எங்கும் நிற்கவில்லை என்றால் 3–4 இதழின் ஓரத்தில், மேல் தாளை மட்டும் 2 மி.மீ. குறைத்து நறுக்கிவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.